இல்லத்து வழங்கியும் ஏடு காத்தலும்

முன்னாளில் ஒரு குடும்பத்தின் ஏடுகள் யாவும் ஒரு றங்குப்பெட்டிக்குள் அடங்கின. காணி உறுதிகள், பிறப்பு விவாகப் பதிவுப் பத்திரங்கள், சாதகக் குறிப்புகள், பரீட்சைச் சான்றிதழ்கள், திருமணப் படம், கடல் கடந்து சென்ற மைந்தன் எழுதிய கடிதங்கள் ஆகியன அதனுள் இருந்தன. கறையானுக்கும் ஈரத்துக்கும் அஞ்சி, வீட்டுப் பெரியோர் அவற்றை இடையிடையே வெளியே எடுத்து உலரவைத்து, கற்பூரமிட்டு மீண்டும் அடுக்கினர். பெட்டி எங்கே இருக்கின்றது என்பதும் அதன் திறப்பு யாரிடம் இருக்கின்றது என்பதும் வீட்டார் அனைவரும் அறிந்த செய்திகள்.

இற்றைநாளில் அப்பெட்டி பல துண்டுகளாகச் சிதறிவிட்டது. படங்களில் ஒரு பகுதி தந்தையின் கைத்தொலைபேசியில் இருக்கின்றது. ஒரு பகுதி மகளின் மடிக்கணினியில். மற்றொரு பகுதி மேசை லாச்சியில் யாரும் தேடாது கிடக்கும் பென் ட்றைவில். மறைந்துபோன பாட்டியின் குரல், உறவினர் ஒருவரின் பழைய தொலைபேசியில் இரண்டு நிமிடப் பதிவாக எஞ்சியிருக்கின்றது. நினைவகம் நிறைந்ததும், எதையேனும் அழித்து இடந்தருமாறு தொலைபேசி கேட்கின்றது. அழிக்க மனமில்லாதவர்கள் வெளிநாட்டு நிறுவனங்களின் 'முகில்' களஞ்சியங்களுக்கு மாதந்தோறும் கட்டணஞ் செலுத்துகின்றனர். அக்கட்டணத்தை வெறுத்தோ, தம் குடும்பப் படங்கள் பிறர் வீட்டில் இருப்பதை விரும்பாமலோ, வீட்டிலேயே ஒரு களஞ்சியத்தை அமைத்துக்கொள்வோர் தொகை பெருகி வருகின்றது. அக்களஞ்சியமே இல்லத்து வழங்கி எனப்படுவது.

'சேர்வர்' என்று மக்கள் வழக்கில் அறியப்படும் கருவிக்குத் தமிழில் 'வழங்கி' என்னும் பெயர் அமைந்துள்ளது. பெயர் பொருத்தமானதே, கேட்பவர்க்குக் கேட்ட கோப்பை எடுத்து வழங்குவதே அதன் தொழில். அது விந்தையான பொருளன்று. புத்தகம் இரண்டு மூன்றை அடுக்கினாற்போன்ற பருமனுடைய ஒரு சிறு பெட்டி. அதனுள் இரண்டோ நான்கோ வன்தட்டுகள். இணையத்தை வீட்டுக்குக் கொணரும் கருவியோடு அதனைப் பிணைக்கும் ஒரு வடம். இவ்வளவே. ஒதுக்கிவைத்த பழைய கணினியொன்றும் இத்தொழிலுக்குப் போதும். இதற்கென இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களும் உள. வழங்கி இரவும் பகலும் விழித்திருக்கும். வீட்டுக்குள் நுழைந்த தொலைபேசி, தான் அன்று பிடித்த படங்களைக் கம்பியின்றி அதனிடம் ஒப்படைத்துவிடும். தந்தையின் கணினியிலும் மகளின் கணினியிலும் அதே படங்களைப் பின்னர் காணலாம்.

இதன் கொள்ளளவு வியப்புக்குரியது. வன்தட்டை உடைய முதற் கணினி 1956 ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். நிறுவனத்தாரால் வெளியிடப்பெற்றது. அதன் தட்டுத்தொகுதி இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகளைக் கொண்டது. ஒரு தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடையது. அத்தனைக்கும் அது தாங்கியவை ஐம்பது இலட்சம் எழுத்துக்களே. இன்றைய கைத்தொலைபேசி எடுக்கும் ஒரு படமே அதனை நிரப்பப் போதுமானது. உள்ளங்கையில் அடங்கும் நான்கு டெராபைற்று வன்தட்டு ஒன்று, உரோம எழுத்துக் கணக்கில் நான்கு இலட்சங் கோடி எழுத்துக்களைத் தாங்கும். தமிழுக்கு இக்கணக்குச் சிறிது குறையும். பெருவழக்கிலுள்ள குறியீட்டு முறையில் 'கோ' என்னும் ஓரெழுத்துக்கு ஆறு இடங்கள் வேண்டும். எனினும், ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் எழுதக்கூடியவை யாவும் அதன் ஒரு மூலையில் அடங்கிவிடும் என்பதில் ஐயமில்லை.

கொள்ளளவு பெருகப் பெருக ஆபத்தும் ஓரிடத்தில் திரளுகின்றது. றங்குப்பெட்டியில் ஈரம் புகுந்தால் அடியிலிருந்த நாலு கடிதங்கள் பழுதாகும், எஞ்சியவை தப்பும். வன்தட்டு அத்தகையதன்று. அதனுள்ளே தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலுகின்றன. அவற்றின்மேல், தலைமயிரொன்றின் தடிப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே ஆன இடைவெளியில், எழுதவும் வாசிக்கவும் வல்ல முனையொன்று மிதந்து செல்கின்றது. அம்முனை தட்டினை ஒருமுறை உரசினால் இருபது ஆண்டுப் படங்கள் ஒரு கணத்தில் எட்டாதவையாகலாம். முனை உரசாவிடினும் சுழலும் பகுதி தேய்கின்றது, மின்சுற்றுப் பழுதுறுகின்றது. அசையும் பகுதிகளற்ற புதியவகைத் தட்டுகளும் உள. அவை மின்னேற்றத்தைச் சிறைப்படுத்தித் தகவலைக் காப்பன. மின்னிணைப்பின்றி நெடுங்காலம் அலமாரியிற் கிடந்தால் அம்மின்னேற்றம் மெல்லக் கசிந்துவிடக்கூடும். ஆதலால், எந்தத் தட்டும் ஒருநாள் பழுதுறும் என்று கொள்வதே முறை. அந்நாள் எந்நாள் என்பதைத் தட்டு முன்கூட்டி அறிவிக்கும் என்று நம்பியிருத்தல் ஆகாது.

இலங்கையிற் கருவிகளுக்கு நேரும் தனித் துன்பங்களும் உள. இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் மாலைதோறும் இடியும் மின்னலும் எழுகின்றன. மின்கம்பியில் மட்டுமன்றித் தொலைபேசிக் கம்பியிலும் மின்னல் ஏறிவரும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மழை தொடங்குமுன் வானொலிப் பெட்டியின் கம்பியைக் கழற்றிவைத்த தலைமுறையினர் இதனை நன்கு அறிவர். 2022 ஆம் ஆண்டு பங்குனி மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நீடித்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அற்றுப்போனால், அரைகுறையாக எழுதப்பட்ட கோப்பு பின்னர் திறவாது போகலாம். யூ.பி.எஸ். எனப்படும் மின்கலப் பெட்டியொன்றை இடையில் வைத்தால், மின்சாரம் நின்றதும் வழங்கி தன் பணியை ஒழுங்காக முடித்து உறங்கச் செல்லச் சில நிமிடங்கள் கிடைக்கும். வழங்கிக்குப் பணஞ் செலவிடுவோர் முதலில் இதற்குச் செலவிடுதல் நன்று.

தட்டொன்று பழுதுற்றால் என்ன செய்வது என்னும் வினாவுக்கு வல்லுநர் கண்ட விடைகளுள் ஒன்று, பல தட்டுகளை ஒரு தட்டுப்போல இயங்கச் செய்தல். 1988 இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், றண்டி காற்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரையொன்று இம்முறைக்கு 'றெயிட்' என்னும் பெயரை நிலைநாட்டியது. அதன் எளிய வடிவம் ஆடி போன்றது: இரண்டு தட்டுகள், எழுதுவது யாதாயினும் இரண்டிலும் எழுதப்படும். மற்றொரு வடிவம் கூட்டற்கணக்கை ஒத்தது. முதற்றட்டில் 4, இரண்டாந்தட்டில் 7, மூன்றாந்தட்டில் அவற்றின் கூட்டுத்தொகையாகிய 11 எழுதப்பட்டுள்ளன என்று கொள்க. இரண்டாவது தட்டு அழிந்துபோயினும் பதினொன்றிலிருந்து நான்கைக் கழித்து ஏழை மீட்கலாம். கணினி செய்வது இதனினும் சிறிது வேறுபட்ட கணக்கு; தத்துவம் ஒன்றே. பழுதுற்ற தட்டைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினால், வழங்கி தானே கணக்கிட்டு இழந்ததை எழுதிக்கொள்ளும். அவ்வேளையிலும் வீட்டார் தம் படங்களைத் தடையின்றிப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆடி முறையில் ஒரு குறை உண்டு. அதனை விளக்க ஏட்டுச்சுவடி வரலாறு உதவும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றியபோது, பல இடங்களிலிருந்தும் ஏட்டுப் பிரதிகளைத் தேடிப் பெற்று ஒப்புநோக்கினார். ஒரு நூலுக்கு இரண்டு பிரதிகள் மட்டும் கிடைத்து, அவை ஒரு சொல்லில் முரண்பட்டால், எது மூலபாடம் என்று துணிவது அரிது. தட்டுகளின் நிலையும் அதுவே. நாட்பட்ட தட்டொன்றில் ஏதோ ஓரிடத்தில் ஓர் இலக்கம் ஓசையின்றி மாறிவிடுகின்றது. ஆடியிலுள்ள இரு பிரதிகளும் அப்போது முரண்படுகின்றன. எது மெய், எது பொய் என்று வழங்கி அறியாது. இதற்கு மருந்தாக, எழுதும்போதே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சரிபார்ப்பெண்ணைக் கணித்துத் தனியே வைக்கும் முறை வந்தது. சண் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் 2005 இல் வெளியிட்ட 'ஸெட்.எஃப்.எஸ்.' என்னும் கோப்பு முறை இதனைச் செவ்வையாகச் செய்கின்றது. வாசிக்கும்போது எண் பொருந்தாவிடின், அப்பிரதியை ஒதுக்கி, பொருந்தும் பிரதியைக் கொண்டு அது திருத்திவிடும். மாதத்துக்கொருமுறை முழுத் தட்டையும் இவ்வாறு வாசித்துச் சரிபார்க்கும்படி வழங்கிக்குக் கட்டளையிட்டு வைக்கலாம்.

இவ்வளவும் அமைத்தவர், தம் கோப்புகள் காப்பாற்றப்பட்டுவிட்டன என்று எண்ணி அமைதியடைகின்றனர். இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். றெயிட் என்பது வேலை தடைப்படாதிருத்தற்கு ஏற்பட்ட உபாயம். அது மறுபிரதி அன்று. சிறுவன் ஒருவன் 'திருமணம்' என்னும் கோப்புறையைத் தவறுதலாக அழித்தால், ஆடியிலுள்ள இரு தட்டுகளும் ஒரே கணத்தில் மிகுந்த விசுவாசத்தோடு அதனை அழித்துவிடும். கள்வன் பெட்டியைத் தூக்கிச் சென்றால் இரண்டு தட்டுகளும் ஒன்றாகவே செல்லும். வெள்ளம் புகுந்தாலும் அவ்வாறே.

இணையவழி வரும் கள்வர் வேறொரு வகையினர். 2021 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' என்னும் வீட்டுக் களஞ்சியப் பெட்டியை வைத்திருந்தோர் உலகின் பல பாகங்களிலும் ஒருநாள் விழித்தெழுந்தபோது, பெட்டிகள் வெறுமையாக இருக்கக் கண்டனர். தொலைவிலிருந்தவர்கள் பெட்டியின் குறைபாடுகளைப் பயன்படுத்தி, அதனைத் தொழிற்சாலையிலிருந்து வந்த புது நிலைக்கு மாற்றிவிட்டனர். அப்பெட்டிக்கான மென்பொருட் திருத்தங்கள் 2015 ஆம் ஆண்டோடு நின்றுபோயிருந்தன. 2022 இல் 'டெட்போல்ட்' என்னும் தீய மென்பொருள் வேறொரு நிறுவனத்தின் வீட்டு வழங்கிகளுட் புகுந்து, கோப்புகளைப் பூட்டி, திறப்புக்குப் பணங் கேட்டது. வெளியூரிலிருந்தும் தம் படங்களைப் பார்க்கவேண்டும் என்னும் ஆசையால் வழங்கியை இணையத்துக்கு நேரே திறந்துவைப்பவர்கள் இவ்விரு நிகழ்ச்சிகளையும் நினைவிற்கொள்ள வேண்டும். வீட்டுக்குள்ளே மட்டும் இயங்கும் வழங்கிக்கு இவ்வச்சம் மிகக் குறைவு.

பிழை செய்வோர் சிறுவர் மட்டுமல்லர். 1998 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தார் 'ரோய் ஸ்ரோறி 2' என்னும் உயிரோவியத் திரைப்படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தனர். ஒருநாள், படத்தின் பாத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கணினியிலிருந்து மறைவதைப் பணியாளர் கண்டனர். யாரோ ஒருவர் அழிக்கும் கட்டளையொன்றை இடந்தவறிப் பிறப்பித்துவிட்டார். வழங்கியை உடனே நிறுத்தினர். எனினும் படத்தின் பெரும்பகுதி போய்விட்டது. மறுபிரதி இருக்கின்றதே என்று அதனைத் தேடிச் சென்றபோது, அது சில காலமாக ஒழுங்காக எழுதப்படவில்லை என்பது தெரியவந்தது. தவறு நேர்ந்ததைச் சொல்லும் அறிவிப்பும் யாருக்கும் எட்டியிருக்கவில்லை. அப்போது கேலின் சூஸ்மன் என்னும் தொழில்நுட்ப மேற்பார்வையாளருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. குழந்தை பிறந்ததன் பின்னர் அவர் வீட்டிலிருந்தே பணியாற்றியமையால், படத்தின் பிரதியொன்று அவருடைய வீட்டுக் கணினியில் இருந்தது. அக்கணினியைப் போர்வைகளாற் சுற்றி, காரின் பின்னாசனத்தில் வைத்து, இருக்கைப் பட்டியால் கட்டி, மெதுவாக ஓட்டிவந்து சேர்த்தனர். படம் 1999 இல் வெளியாயிற்று. இடையில் அதன் கதையைப் பெரும்பாலும் மாற்றி எழுதினர் என்பதனால், மீட்கப்பட்டவற்றிற் கணிசமான பகுதி இறுதிவரை பயன்படவில்லை என்பது வேறு செய்தி. பெரும் நிறுவனமொன்றைக் காத்தது அதன் இயந்திரக் கூடமன்று. வேறோரிடத்தில், வேறொரு காரணத்துக்காக இருந்த ஒரு பிரதி.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீற்றர் குறோ இத்தகைய அனுபவங்களின் சாரத்தை 'மூன்று, இரண்டு, ஒன்று' என்னும் கணக்காகச் சுருக்கிப் பரப்பினார். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று பிரதிகள் வேண்டும். அவை குறைந்தது இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கவேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறோரிடத்தில் இருக்கவேண்டும். வழங்கியிலுள்ளது முதற்பிரதி. மாதத்துக்கொருமுறையோ வாரத்துக்கொருமுறையோ பொருத்தி, எழுதி முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைக்கும் வெளித்தட்டு இரண்டாவது. கழற்றி வைத்தல் என்பதே இதில் முக்கியம். மின்னிணைப்பில்லாத தட்டை மின்னலும் தொடாது, கள்வனின் மென்பொருளும் தொடாது. மூன்றாவது பிரதியே பெரும்பாலான வீடுகளில் இல்லாதிருப்பது.

அம்மூன்றாவது பிரதியின் அருமையை இலங்கைத் தமிழருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டு வைகாசி மாதத்து இறுதி நாளிரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அச்சிட்ட நூல்களிற் பலவற்றுக்கு வேறு நூலகங்களிற் பிரதிகள் இருந்தன. அவற்றைப் பின்னர் தேடிப் பெற முடிந்தது. கையெழுத்துச் சுவடிகளுள் வேறெங்கும் பிரதியில்லாதவை போனவை போனவையே. 1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே இரவில் வெளியேறிய குடும்பங்களும், 2004 மார்கழியில் ஆழிப்பேரலையால் வீடிழந்த கீழ்க்கரைக் குடும்பங்களும் படங்களையும் பத்திரங்களையும் ஒருங்கே இழந்தன. பின்னர் அவர்களிற் சிலரின் கைக்கு ஒரு திருமணப் படமோ ஒரு குழந்தைப் படமோ மீண்டு வந்ததுண்டு. அது எங்கிருந்து வந்தது? இலண்டனிலோ ரொறொன்ரோவிலோ இருந்த சிற்றப்பனுக்கோ மாமிக்கோ என்றோ தபாலில் அனுப்பப்பட்ட பிரதியே அது. அனுப்பியவர் பாதுகாப்பைக் கருதி அனுப்பவில்லை, அன்பினால் அனுப்பினார். வேறோரிடத்துப் பிரதி என்று வல்லுநர் கூறுவது இதனையே.

பெரியோரும் இதனை மறக்கின்றனர். 2021 பங்குனி 10 ஆம் நாள் பிரான்சின் ஸ்றாஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் ஐந்துமாடித் தரவுக்கூடம் தீக்கிரையானபோது, மறுபிரதிகளையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் ஒருசேர இழந்தனர். 2025 புரட்டாதி 26 ஆம் நாள் தென்கொரியாவின் டேஜொன் நகரில், அரசாங்கத் தரவுக்கூடத்தில் மின்கலங்களிலிருந்து தீ மூண்டது. அரசு ஊழியர் தம் அலுவற் கோப்புகளை இட்டுவைத்த களஞ்சியமொன்று 858 டெராபைற்றுத் தகவலோடு அழிந்தது. அதற்கு வெளியிடத்தில் மறுபிரதி இருக்கவில்லை. அளவு மிகப் பெரிதென்பதனால் எடுக்கவில்லை என்று காரணங் கூறப்பட்டது. முகிற் களஞ்சியமும் யாரோ ஒருவரின் கட்டடத்தில் உள்ள கணினியே என்பதை இவ்விரு தீக்களும் காட்டின. எனினும் வீட்டு வழங்கியை உடையவர் முகிலை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. அதனை மூன்றாவது பிரதிக்கு உரிய இடங்களில் ஒன்றாகக் கொள்ளலாம்.

குடும்பங்கள் பல ஊர்களிலும் நாடுகளிலும் சிதறியிருத்தல் துயரந் தருவதே. இவ்வொரு காரியத்துக்கு மட்டும் அது வாய்ப்பாக அமைகின்றது. வவுனியாவிலுள்ள அக்காளின் வீட்டில் ஒரு சிறு பெட்டி, கொழும்பிலுள்ள தம்பியின் வீட்டில் மற்றொன்று. ஒருவர் மற்றவரின் பிரதியைக் காக்கின்றனர். வழியில் ஒரு தடை உண்டு. வினாடிக்குப் பத்து மெகாபிற்று அனுப்பவல்ல இணைப்பில் ஒரு டெராபைற்றை அனுப்ப, இடைவிடாது ஒன்பது நாட்களுக்கு மேற் செல்லும். ஆகவே, முதற்பிரதியை வீட்டிலேயே தட்டில் எழுதி, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கையில் எடுத்துச் செல்வதே அறிவுடைமை. அதன்பின் மாறுதல்களை மட்டும் இரவில் அனுப்பினாற் போதும். 1996 இல் அவுஸ்திரேலியாவில் அன்ட்ரூ ட்ரிஜெல், போல் மக்கெராஸ் ஆகிய இருவர் வெளியிட்ட 'ஆர்சிங்க்' என்னும் மென்பொருள் இப்பணிக்கென்றே அமைந்தது. கோப்பு முழுவதையும் அனுப்பாது, இரு பக்கத்திலும் வேறுபடும் பகுதிகளை மட்டும் கண்டறிந்து அது அனுப்புகின்றது. பிறர் வீட்டுக்குச் செல்லும் பிரதியைக் குறியாக்கஞ் செய்து, அதாவது திறவுச்சொல் இன்றி வாசிக்க இயலாதவாறு பூட்டி, அனுப்புதல் நன்று. தம்பி நம்பிக்கைக்குரியவரே, அவர் வீட்டுக்குட் புகும் கள்வனைப் பற்றி அவ்வாறு கூற இயலாது.

பூட்டினால் திறப்பைக் காக்கவேண்டும். குறியாக்கஞ் செய்யப்பட்ட தட்டின் திறவுச்சொல் மறைந்தால், உலகின் எந்த வல்லுநராலும் அதனைத் திறக்க இயலாது. வழங்கியை அமைத்தவர் பெரும்பாலும் வீட்டில் ஒருவரே. அவர் நோயுற்றாலோ இறந்தாலோ, மூலையில் பச்சை விளக்கோடு எரிந்துகொண்டிருக்கும் பெட்டியில் யாது உள்ளது, எவ்வாறு எடுப்பது என்று மனைவி மக்கள் அறியார். துயரத்தின் நடுவே யாரேனும் மின்சாரச் செலவைக் கருதி அதனை நிறுத்திவிடவும் கூடும். ஆதலால் தாளில், மையினால், எளிய தமிழில் எழுதவேண்டும்: பெட்டியில் உள்ளவை இவை, வெளித்தட்டு இந்த அலமாரியில், மூன்றாவது பிரதி இன்னார் வீட்டில், திறவுச்சொல் இது, உதவிக்கு அழைக்கத் தக்கவர் இவர். அத்தாளை உறையிலிட்டு ஒட்டி, காணி உறுதியோடு வைக்கவேண்டும். அதன் பிரதியொன்று வேறொரு வீட்டில் இருப்பதும் தகும். கணினியில் தேர்ந்தவர்களே இதனைச் செய்யத் தயங்குகின்றனர் என்பது வியப்பு.

பிரதி எடுப்பதில் மற்றொரு நுட்பமும் உண்டு. இன்று கெட்டுப்போன கோப்பு இன்றிரவே பிரதியிலும் ஏறி, நேற்றைய நல்ல கோப்பை அழித்துவிடலாம். இதனைத் தவிர்க்கப் பழைய நிலைகளையும் சிறிது காலம் வைத்திருக்கவேண்டும். கணினித் துறையினர் இதற்குப் 'பாட்டன், தந்தை, மகன்' என்று குடும்ப முறையிற் பெயரிட்டுள்ளனர். நாடோறும் எடுப்பது மகன், வாரந்தோறும் எடுப்பது தந்தை, மாதந்தோறும் எடுப்பது பாட்டன். பிழை நேர்ந்து மூன்று வாரங் கழித்தே கண்டறியப்பட்டாலும், பாட்டனிடம் நல்ல பிரதி இருக்கும்.

இவை யாவும் உண்மையில் இயங்குகின்றனவா என்பதை மீட்டுப் பார்த்தே அறியலாம். கிற்லாப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் 2017 தை 31 ஆம் நாள், களைத்திருந்த பொறியாளர் ஒருவர் தவறான வழங்கியில் அழிக்கும் கட்டளையை இட்டு, ஏறத்தாழ 300 கிகாபைற்றை நீக்கினார். அங்கே மறுபிரதிக்கெனப் பல ஏற்பாடுகள் இருந்தன. நாடோறும் இயங்கவேண்டிய பிரதி இயங்கவில்லை. அது தவறியதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சென்றடையவில்லை. வேறொரு தேவைக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்டிருந்த பிரதியே உதவிற்று. வீட்டிலுள்ளோர் மூன்று மாதத்துக்கொருமுறை, ஒரு கோப்புறையைத் தெரிந்து, வழங்கியைத் தொடாது மறுபிரதியிலிருந்தே மீட்டு, படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். அரை மணி நேர வேலை. பாட்டியின் குரற்பதிவையும் அப்போது ஒருமுறை கேட்கலாம்.

கோப்பு பழுதின்றி இருந்தும் வாசிக்க இயலாது போவதுண்டு. இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் மன்னன் காலத்தில் 1086 இல் எழுதப்பெற்ற 'டூம்ஸ்டே' நிலக்கணக்கை இன்றும் பழைய மொழி அறிந்தோர் வாசிக்கின்றனர். அதன் தொளாயிரமாவது ஆண்டையொட்டி 1986 இல் பி.பி.சி. நிறுவனத்தார் நாடெங்குமுள்ள பள்ளி மாணவரின் எழுத்துக்களையும் படங்களையும் திரட்டி, லேசர்த் தட்டுகளில் வெளியிட்டனர். பதினைந்து ஆண்டுகள் செல்வதற்குள் அத்தட்டுகளை வாசிக்கும் இயந்திரங்கள் அருகிவிட்டன. அவற்றைப் புதிய கணினிகளில் இயங்கச் செய்யப் பல்கலைக்கழக ஆய்வாளர் உழைக்க வேண்டியதாயிற்று.

தமிழிலும் இத்தகைய இடர் ஒன்று பல வீடுகளிற் காத்திருக்கின்றது. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர், இலங்கையில் கணினியில் எழுதப்பட்ட கடிதங்கள், நினைவு மலர்கள், வம்சாவளிக் குறிப்புகள் ஆகியவற்றிற் பெரும்பாலானவை 'பாமினி' போன்ற எழுத்துருக்களில் அமைந்தன. அவற்றில் 'அம்மா' என்னும் சொல்லைத் தட்டெழுதியபோது, கணினி சேமித்தது ஆங்கில எழுத்தாகிய 'எம்', பின்னர் 'கே', அரைப்புள்ளி, மீண்டும் 'கே', இறுதியில் 'எச்' என்னும் வரிசையையே. திரையில் தமிழாகத் தோன்றச் செய்தது எழுத்துரு. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே காணப்படும். பேரப்பிள்ளைகள் அதனைக் கெட்டுப்போன கோப்பென்று எண்ணி அழித்துவிடுவர். அத்தகைய கோப்புகளை இப்பொழுதே தேடியெடுத்து ஒருங்குறிக்கு மாற்றி வைக்கவேண்டும். மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எழுத்துருவின் பிரதியொன்றையும் அதே கோப்புறையில் இடுதல் நன்று. மாற்றிய பின்னரும் பழைய கோப்பை அழித்தல் ஆகாது; மாற்றுங் கருவி எங்கேனும் ஒரு கொம்பையோ புள்ளியையோ தவறவிட்டிருந்தால், ஒப்புநோக்குதற்கு அது வேண்டும்.